மஞ்சள் கம்பி முதல் எச்.டி.எம்.ஐ. வரை: சென்னை மேற்குப் புறநகர் வீடுகளில் ஒளித்தட்டுத் திரைப்படம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னை மேற்குப் புறநகரில், 1990களின் இறுதி முதல் 2010களின் நடுப்பகுதி வரை, திரைப்படம் வீட்டுக்குள் வந்த முக்கிய வழிகளுள் ஒன்று ஒளித்தட்டு. முதலில் விசிடி, அடுத்து டிவிடி, மிகச் சில வீடுகளில் புளூ-ரே என அது மூன்று தலைமுறைகளைக் கண்டது. பிளேயர் வாங்கப் போனவர்கள் கடையில் கேட்ட கேள்வி இந்தக் காலம் முழுவதும் ஒன்றுதான்: எதில் படம் தெளிவாகத் தெரியும்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே கேள்விக்கு விடை காண ஆய்வுத் தட்டுகளும் மதிப்பெண் முறைகளும் உருவாயின. அங்கே தட்டு ஓரளவு தரமாக இருந்ததால் பிளேயர்களுக்கு இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. தமிழ்ப் படங்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பெரும்பாலான வீடுகளில் பிளேயரின் திறன் வெளிப்படும் அளவுக்குத் தட்டிலேயே படம் இருக்கவில்லை. அந்த நிலை எப்படி ஏற்பட்டது, அதன் விளைவு என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

டெக் காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்தது. சென்னையிலேயே உருவான டயனோரா, சாலிடேர் நிறுவனங்களின் பெட்டிகள் அக்காலத் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருந்தன. 1961இல் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் அமைந்தபின் மாதச் சம்பளக் குடும்பங்கள் நிறைந்த பகுதியாக மாறிய இந்தப் புறநகர், தொலைக்காட்சிப் பெட்டிக்கு நல்ல சந்தையாகவும் ஆனது.

வீடியோ கேசட் பிளேயரை மக்கள் 'டெக்' என்றே அழைத்தனர். அதைச் சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு. கலியாண வீட்டிலும் திருவிழா இரவிலும் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவதே வழக்கம். விஎச்எஸ் கேசட்டின் தெளிவு, படத்தின் குறுக்கே எண்ணினால் ஏறத்தாழ 240 கோடுகள். ஒவ்வொரு முறை ஓடும்போதும் நாடா தேயும். பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது நிறம் வழியும், ஓரங்கள் நடுங்கும். அடுத்து வந்த தட்டைக் 'கண்ணாடி மாதிரி இருக்கிறது' என்று மக்கள் வியந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம். ஒப்பீடு எப்போதும் முன்பு பார்த்ததோடுதான் நடக்கும்.

விசிடியின் கணக்கு

விசிடிக்கான விதிகளை 1993இல் பிலிப்ஸ், சோனி, மத்சுஷிடா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் வகுத்தன. பாட்டுக் கேட்கும் சிடியின் அதே 12 சென்டிமீட்டர் தட்டில், எம்பெக்-1 முறையில் சுருக்கிய படத்தைப் பதிவதே அதன் உத்தி. முதல் விசிடி பிளேயரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது சீனாவின் ஆன்ஹுய் மாநில நிறுவனமான வான்யான். அதற்கான சில்லு கலிஃபோர்னியாவின் சி-கியூப் நிறுவனத்துடையது. அமெரிக்காவும் ஜப்பானும் விசிடியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா ஆகிய இடங்களில்தான் அது வேரூன்றியது. நாடா தேயும் கவலை இல்லை, பிளேயரும் மலிவு என்பதே அதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஒரு தட்டில் 74 நிமிடப் படம் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டு போதாமல் மூன்றாவது தேவைப்படுவதுண்டு. இடைவேளை எங்கே வரும் என்பதை இயக்குநர் தீர்மானித்தது போக, தட்டை எப்போது மாற்றுவது என்பதை இந்த 74 நிமிடம் தீர்மானித்தது.

இந்தியாவின் 'பால்' தொலைக்காட்சி முறைக்கான விசிடியில் படம் 352 புள்ளி அகலமும் 288 வரி உயரமும் கொண்டது. ஆனால் திரைப்படம் முழுவதும் அந்த 288 வரிகளைப் பெறுவதில்லை. 1973இல் வெளியான 'ராஜராஜ சோழன்' தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். அதன்பின் அகலத்திரைப் படங்கள் பெருகி, ஒரு கட்டத்தில் அவையே வழக்கமாயின. அகலத்திரையில் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு. பழைய டிவி பெட்டியில் அது 1.33 மடங்கு. படத்தை வெட்டாமல் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். மிஞ்சும் உயரம் 100க்கு 57 பங்குதான். 288இல் 57 சதவீதம் என்றால் 163 வரி. ஒரு கூட்டக் காட்சியில், தொலைவில் நிற்கும் ஒருவரின் முகத்துக்கு அதில் நான்கைந்து வரிதான் கிடைத்திருக்கும். பின்வரிசைத் துணை நடிகர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் போனதற்கு எந்தப் பிளேயரையும் குறைசொல்ல முடியாது.

மஞ்சள் கம்பி

பிளேயரின் பின்புறத்தில் மூன்று துளைகள் இருக்கும். சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு, மஞ்சள் படத்துக்கு. படத்தின் வெளிச்ச விவரத்தையும் நிற விவரத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே கம்பியில் அனுப்புவது மஞ்சள் கம்பியின் முறை. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்க வேண்டும். பிரிப்பு ஒருபோதும் முழுமையாக நடப்பதில்லை. நெருக்கமான கோடுகளை டிவி நிறம் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் கட்டம் போட்ட சேலையிலும் நுண்ணிய ஜரிகைக் கரையிலும் வானவில் போல நிறம் அலைந்தது. அழுத்தமான இரு நிறங்கள் சந்திக்கும் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகர்ந்தன.

எஸ்-வீடியோ கம்பி வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே அனுப்பியது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனை கொண்ட காம்போனென்ட் கம்பி நிற விவரத்தையும் இரண்டாகப் பிரித்து அனுப்பியது. அவற்றுக்கான துளைகள் பல டிவிடி பிளேயர்களில் இருந்தும், பெட்டியோடு இலவசமாக வந்தது மஞ்சள் கம்பிதான் என்பதால் பெரும்பாலான வீடுகளில் அதுவே மாட்டப்பட்டது. சில நூறு ரூபாய்க்குள் கிடைத்த கம்பியை மாற்றியிருந்தால், இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வேறு பிளேயர் வாங்குவதைவிட நல்ல பலன் கிடைத்திருக்கும். கடைக்காரர்கள் இதை அதிகம் சொல்லவில்லை. கம்பியில் லாபம் குறைவு.

டிவிடியும் இரண்டு அளவுமுறைகளும்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. எம்பெக்-2 சுருக்கம், பால் முறையில் 720க்கு 576 படப்புள்ளி, ஒற்றை அடுக்குத் தட்டில் 4.7 ஜிகாபைட், இரட்டை அடுக்கில் 8.5 ஜிகாபைட். விசிடியின் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள். தாளில் இது பெரிய தாவல்தான்.

தமிழ்ப் பட டிவிடிகளின் முதல் பெரிய சந்தை சென்னை அன்று. லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர் போன்ற புலம்பெயர் தமிழர் நகரங்கள். லண்டனைச் சேர்ந்த ஐங்கரன் நிறுவனம் இந்தத் துறையில் பெயர்பெற்றது. வட அமெரிக்காவில் இருந்தது 'என்டிஎஸ்சி' முறை: 480 வரி, நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பால் முறையில் 576 வரி, 50 அரைப்படங்கள். பால் நாடுகளின் பிளேயர்கள் என்டிஎஸ்சி தட்டையும் படித்துவிடும். அங்குள்ளவை பால் தட்டைப் படிப்பது அரிது. எனவே எல்லா நாட்டிலும் ஓடவேண்டும் என்று பல தமிழ்த் தட்டுகள் என்டிஎஸ்சி முறையில் தயாராயின. அவையே அம்பத்தூருக்கும் வந்தன.

அரைப்படம் என்பதை விளக்க வேண்டும். பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு முழுப்படம் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். இரண்டும் சேர்ந்து ஒரு முழுப்படம். திரைப்படச் சுருளில் நொடிக்கு 24 படம். அதைப் பால் முறைக்கு மாற்ற எளிய வழி, நொடிக்கு 25 என்று சற்று வேகமாக ஓட்டுவது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். ஒலியைத் தனியே சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதி, அரைக் கட்டையில் சுமார் முக்கால் பங்கு உயரும். கேசட்டில் கேட்ட பாட்டு விசிடியில் கொஞ்சம் கீச்சென்று ஒலிப்பதாகச் சங்கீத ஞானம் உள்ளவர்கள் சொன்னால் அது வெறும் பிரமையாக இருக்கவேண்டியதில்லை.

என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது வேகம் கூட்டப்படுவதில்லை. ஒரு படத்தை மூன்று அரைப்படமாகவும் அடுத்ததை இரண்டு அரைப்படமாகவும் மாறிமாறிப் பதிவார்கள். முறையாகச் செய்தால், திறமையான பிளேயர் அந்த அடுக்கைக் கண்டுபிடித்து 24 படங்களையும் அப்படியே மீட்டெடுக்கும். சிக்கல் எங்கே வந்தது என்றால், பல இந்தியத் தட்டுகள் சுருளிலிருந்து நேரடியாக என்டிஎஸ்சிக்கு மாற்றப்படவில்லை. தொலைக்காட்சிக்காக ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த பால் நாடாவிலிருந்து மாற்றப்பட்டன. 50 அரைப்படத்தை 60 ஆக்க, அடுத்தடுத்த இரு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். சண்டைக் காட்சியில் வீசிய கை இரண்டாகத் தெரியும். ஓடும் பேருந்துக்கு நிழல் போல இன்னொரு பேருந்து ஒட்டிக்கொண்டிருக்கும். சாம்பாரில் கரைந்த உப்பைப் போல, கலந்த படத்தை எந்த பிளேயராலும் பிரித்தெடுக்க இயலாது.

28 ரூபாயும் 34 ரூபாயும்

2006 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள், அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சென்றன. ஏறத்தாழ அதே வேளையில் மோசர் பேர் நிறுவனம் தமிழ்த் திரைப்படத் தட்டுகளை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்ற விலையில் விற்பனைக்கு விட்டது. தில்லியில் 1983இல் தொடங்கிய இந்நிறுவனம் வெற்றுத் தட்டு தயாரிப்பில் உலகின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றாக இருந்தது. நடைபாதையில் விற்ற திருட்டுத் தட்டின் விலைக்கே உரிமம் பெற்ற தட்டைக் கொடுத்துவிட்டால் மக்கள் இதையே வாங்குவார்கள் என்பது அதன் கணக்கு. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும்கூடத் தட்டுகள் தொங்கின.

திருட்டுத் தட்டை ஒடுக்க அரசு 2004இலேயே, குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்திருந்தது. ஆயினும் பாரிமுனை பர்மா பஜாரிலிருந்து புறநகர் இரயில் நிலைய வாசல்கள் வரை அந்த விற்பனை நிற்கவில்லை. அங்கே விற்ற பொருளின் தரத்தை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை 4.7 ஜிகாபைட் தட்டில் தனியாகப் பதிந்தால், நொடிக்குச் சராசரியாக 4.2 மெகாபிட் விவரம் கிடைக்கும். இரட்டை அடுக்குத் தட்டில் 7.5. 'மூன்று படம் ஒரே தட்டில்' என்று அட்டையில் பெருமையாக அச்சிட்ட தட்டில் கிடைப்பது 1.4 மெகாபிட். இது ஏறத்தாழ விசிடியின் அளவே. ஆனால் விசிடி இந்த விவரத்தைச் சிறிய படத்துக்குச் செலவிடுகிறது. மூன்று பட டிவிடியோ நான்கு மடங்கு பெரிய படத்துக்குப் பங்குபோட வேண்டும். நடனக் காட்சியிலும் மழைக் காட்சியிலும் படம் சதுரம் சதுரமாக உடைந்ததற்கு இதுவே காரணம். தட்டு அழுக்காக இருக்கிறது என்று துணியால் துடைத்தவர்கள் பலர். பிளேயர் நிற்பதற்கும் தடுமாறுவதற்கும் துடைப்பது உதவும், சதுரத்துக்கு உதவாது.

ஆனாலும், 14 அங்குலப் பெட்டியில் இந்தக் குறைகளில் பாதி தெரியாது. சிறிய குழாய்த் திரை குறைகளை மென்மையாக்கி மறைக்கும். மஞ்சள் கம்பி மிச்சத்தை மறைக்கும். எனவே 2006 முதல் சில ஆண்டுகள், தட்டும் பிளேயரும் கம்பியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன எனலாம். அதைக் குலைத்தது தட்டையான திரை.

டிஜிட்டல் துளை

கணினித் திரைகளுக்கான டிவிஐ இணைப்பு 1999இல் வந்தது. அதன் வழியில், படத்தையும் ஒலியையும் சேர்த்து அனுப்பும் எச்.டி.எம்.ஐ. முறையை ஹிட்டாச்சி, மத்சுஷிடா, பிலிப்ஸ், சிலிக்கன் இமேஜ், சோனி, தாம்சன், தோஷிபா ஆகியவை கூடி 2002 டிசம்பரில் வெளியிட்டன. தட்டில் எண்களாக இருக்கும் படத்தை மின்னலையாக மாற்றாமல் எண்களாகவே திரைக்கு அனுப்புவது இதன் சிறப்பு. நிறக் கலப்பும் ஊரும் புள்ளிகளும் ஒரே நாளில் மறைந்தன.

'எண்ணாகவே போவதால் எல்லா பிளேயரும் ஒன்றுதான்' என்ற எண்ணம் இதனால் பரவியது. அது பாதி உண்மை. கம்பியில் செல்லும்போது எண்கள் மாறுவதில்லை. ஆனால் கம்பிக்குள் நுழையும் முன் பிளேயர் அவற்றின்மேல் நிறைய வேலை செய்கிறது. இரு அரைப்படங்களைச் சேர்த்து முழுப்படம் ஆக்க வேண்டும். தவறாகச் சேர்த்தால் நகரும் பொருளின் ஓரம் சீப்புப் பல்லைப் போலப் பிளவுபடும். 480 அல்லது 576 வரியை 720 அல்லது 1080 வரியாகப் பெருக்க வேண்டும். குறைத்துப் பதிவாகியிருக்கும் நிற விவரத்தை விரித்து எல்லாப் புள்ளிக்கும் பங்கிட வேண்டும். இந்த மூன்றிலும்தான் பிளேயருக்குப் பிளேயர் வேறுபாடு.

நிறத்தை விரிப்பதில் நேர்ந்த பிழை ஒன்று 2001இல் அமெரிக்க விமர்சகர்களால் விரிவாக வெளிக்கொணரப்பட்டது. முழுப்படமாகப் பதிந்த நிறத்தை, அரைப்படமாகப் பதிந்தது என்று எண்ணிச் சில்லு விரித்துவிடும். அடர்சிவப்புப் பகுதியின் ஓரத்தில் படிக்கட்டு போல வெட்டு விழும். பிழை சில்லில் இருந்ததால், விலை உயர்ந்த பிளேயர்களும் மலிவானவையும் ஒன்றுபோல் அதில் சிக்கின. தமிழ்ப் படத்தில் சிவப்புக்குப் பஞ்சமா? குங்குமத்திலிருந்து கோயில் சுவரின் காவிப் பட்டை வரை அந்தப் பிழை தெரிய ஏராளமான இடங்கள் உண்டு.

அரைப்படங்களைச் சேர்க்கும் கலையில் முன்னோடியாகக் கருதப்படுபவர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய பொறியாளர் ஈவ் ஃபரூஜா. அவர் பெயர் தாங்கிய சில்லுகள் நல்ல பிளேயர்களின் அடையாளமாயின. சிலிக்கன் ஆப்டிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட எச்க்யூவி ஆய்வுத் தட்டில் சுழலும் கோல், அசையும் கொடி, பந்தயக் கார் கடந்துபோகும் பார்வையாளர் மாடம் போன்ற காட்சிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பிளேயர் எப்படிக் காட்டுகிறது என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். கலிஃபோர்னியாவின் ஆப்போ டிஜிட்டல், நடுத்தர விலையில் இத்தகைய ஆய்வுகளில் முன்னணியில் நின்ற பிளேயர்களால் பெயர்பெற்றது. 2018 ஏப்ரலில் புதிய பிளேயர் உருவாக்குவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது.

பெரிய பெயர் மட்டும் போதாது என்பதற்கு நல்ல சான்று 2006இலேயே கிடைத்தது. அமெரிக்காவில் முதலில் விற்பனைக்கு வந்த புளூ-ரே பிளேயர் சாம்சங்கின் பிடி-பி1000. புதிய முறையின் படம் எதிர்பார்த்த கூர்மையோடு இல்லை என்று விமர்சகர்கள் குறைகூறினர். உள்ளிருந்த படச் செயலாக்கச் சில்லில் இரைச்சல் நீக்கும் பகுதி தவறாக இயக்கப்பட்டிருந்ததும், அது நுண்விவரத்தையும் சேர்த்து அழித்ததும் பின்னர் தெரியவந்தது. எண்கள் கம்பியில் ஒழுங்காகத்தான் போயின. பிளேயரே அவற்றைத் தேய்த்துவிட்டு அனுப்பியது.

அதே சாம்சங் 2007இல், பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரில் தொலைக்காட்சித் தொழிற்சாலையைத் தொடங்கியது. தட்டைத் திரைப் பெட்டிகள் மேற்குப் புறநகருக்குப் பக்கத்திலேயே உருவாகத் தொடங்கின. விலை இறங்க இறங்க, அடுத்த சில ஆண்டுகளில் 32 அங்குலப் பெட்டி நடுத்தர வீட்டின் வழக்கமாயிற்று.

பெரிய திரையில் தெரிந்த உண்மை

புதிய பெட்டியோடு, '1080 வரிக்கு உயர்த்தும்' என்று ஒட்டுத்தாள் ஒட்டிய எச்.டி.எம்.ஐ. பிளேயரும் வந்தது. வாங்கியவர்களில் பலருக்குக் கிடைத்தது ஏமாற்றம். அதற்கான காரணங்கள் பல அடுக்கில் இருந்தன.

அன்றைய 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் உண்மையான அளவு 1366க்கு 768 படப்புள்ளி. பிளேயர் 576 வரியை 1080 ஆகப் பெருக்கும். டிவி அதைத் திரும்ப 768 ஆகச் சுருக்கும். இருமுறை அளவு மாறிய படம் ஒருமுறை மாறியதைவிடக் கூர்மையாக இருக்க வாய்ப்பில்லை. கூடவே, குழாய்த் திரைக் காலத்துப் பழக்கத்தால் பல பெட்டிகள் படத்தின் ஓரத்தைச் சில சதவீதம் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டின. அமைப்புப் பட்டியலுக்குள் போய் அதை நிறுத்தலாம் என்பது பலருக்குத் தெரியாது.

கறுப்பின் அளவு இன்னொரு சிக்கல். திரைப்படத் தட்டில் கறுப்பு 16 என்ற எண்ணிலும் வெண்மை 235இலும் பதியப்படும். கணினி முறையில் கறுப்பு 0, வெண்மை 255. பிளேயர் ஒரு முறையில் அனுப்பி டிவி மறு முறையில் எடுத்துக்கொண்டால், கறுப்பு சாம்பலாக வெளிறும் அல்லது இரவுக் காட்சி முழுக்க மைபோல் அடைந்துவிடும். 'அந்த பிளேயரில் பளிச்சென்று இருக்கிறது, இதில் மங்கல்' என்று கடையில் அருகருகே வைத்துச் செய்த ஒப்பீடுகளில் இந்த வேறுபாடும் புகுந்திருக்கக்கூடும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைக்காத ஒப்பீட்டுக்குப் பொருளில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது, தட்டின் படமே பெட்டிக்குள் பெட்டியாக இருந்தது. அகலத்திரைக்கான டிவிடியில், படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிந்து, காட்டும்போது விரிக்கும் முறை உண்டு. அப்படிச் செய்தால் பால் தட்டின் 576 வரியில் 436 வரி சினிமாஸ்கோப் படத்துக்குக் கிடைக்கும். பல தமிழ்த் தட்டுகளில் இது செய்யப்படாமல், கறுப்புப் பட்டையும் படத்தின் பகுதியாகவே பதியப்பட்டது. அப்போது கிடைப்பது 327 வரி. என்டிஎஸ்சித் தட்டானால் 272. அகலத் திரையில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் கட்டிய சிறு படம் நடுவில் தெரியும். ரிமோட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் 272 வரியை 32 அங்குலத்துக்கு இழுத்த மங்கல். எச்க்யூவி ஆய்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிளேயராலும், பதியாத வரிகளை வரவழைக்க முடியாது. தவிர, பிளேயர் கட்டக்கூடிய கணக்கு தட்டின் தயாரிப்பிலேயே தவறியிருந்தது.

மலிவான பிளேயர்களின்மேல் இருந்த அவப்பெயரில் ஒரு பகுதி இதனால் நியாயமற்றது. தைவானின் மீடியாடெக் போன்ற நிறுவனங்களின் சில்லுகள் பெயர் தெரியாத சீனப் பெட்டிகளிலும் பெயர் பெற்ற பிளேயர்களிலும் ஒன்றுபோல் இருந்தன. மலிவான பிளேயர், கீறல் விழுந்த தட்டையும் எம்பி3யையும் பென் டிரைவையும் முகம் சுளிக்காமல் படித்தது. தமிழ்த் தட்டைப் பொறுத்தவரை அதற்கும் மூன்று மடங்கு விலையுள்ள பிளேயருக்கும் திரையில் தெரிந்த வேறுபாடு, அட்டைப் பெட்டியில் தெரிந்ததைவிடக் குறைவு.

புளூ-ரே இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தீர்த்திருக்கும். 1920க்கு 1080 படப்புள்ளி, நொடிக்கு 40 மெகாபிட் வரை படவிவரம், சுருளில் உள்ளபடி நொடிக்கு 24 முழுப்படம். சேர்க்கவும் பெருக்கவும் வேலை இல்லாததால், பிளேயர்களுக்கு இடையிலான வேறுபாடும் புளூ-ரேயில் பெருமளவு மறைகிறது. ஆனால் தமிழில் வந்த புளூ-ரே தட்டுகள் சொற்பம். வாங்கியவர்கள் அதைப் பெரும்பாலும் ஆங்கிலப் படம் பார்க்கவே பயன்படுத்தினர்.

எஞ்சியது

2012 மார்ச்சில், 1964இல் வெளியான 'கர்ணன்' டிஜிட்டல் முறையில் சீர்செய்யப்பட்டுத் திரையரங்குகளில் மீண்டும் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. விசிடியிலும் தொலைக்காட்சியிலும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், நிறம் இவ்வளவு இருந்ததா என்று வியந்தனர். படச்சுருளில் இருந்த நிறம் தட்டுக்கு வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். 'பாசமலர்', 'ஆயிரத்தில் ஒருவன்' ஆகியவையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இவ்வாறு திரும்பி வந்தன.

தட்டை ஒரு வெளியீட்டு வழியாகவே மாற்றும் முயற்சியும் நடந்தது. இயக்குநர் சேரன் 2015 மார்ச்சில் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் தம் 'சினிமா டூ ஹோம்' திட்டத்தின்கீழ் நேரடியாக 50 ரூபாய் டிவிடியாக வெளியிட்டார். திட்டம் நிலைக்கவில்லை. அலைபேசி இணையம் மலிந்தபோது தட்டு வாங்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. மோசர் பேர் 2017இல் திவால் நடவடிக்கைக்குள் வந்து 2018இல் கலைக்கப்படும் நிலையை அடைந்தது.

'கர்ணன்' போன்ற வாய்ப்பு எல்லாப் படத்துக்கும் இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று கிடைப்பதில்லை. நல்ல நெகடிவ் இல்லாத பிற்காலப் படங்களும் பல. அவற்றில் சிலவற்றுக்கு ஓரளவு முழுமையான பிரதி, ஒரு காலத்தில் 28 ரூபாய்க்கு விற்ற தட்டுதான். இன்று இணையத்தில் காணும் பழைய தமிழ்ப் படங்களில் கணிசமானவை அத்தகைய தட்டிலிருந்தோ தொலைக்காட்சிப் பதிவிலிருந்தோ எடுத்தவை. நிறுவன முத்திரை மூலையில் அப்படியே இருக்கும்.

அலமாரியில் தட்டு வைத்திருப்பவர்கள் அதை மஞ்சள் கம்பி வழியே பதிவுசெய்ய வேண்டியதில்லை. கணினியின் தட்டு இயக்கியில் போட்டுக் கோப்பாகவே நகலெடுத்தால், பதிந்த எண்கள் குறையாமல் வந்துசேரும். விசிடியின் கோப்புகள் 'எம்பெக்ஏவி' என்ற உறைக்குள் இருக்கும். சுருளிலிருந்து நேரடியாக மாற்றிய என்டிஎஸ்சித் தட்டானால், மூன்றும் இரண்டுமாக அடுக்கிய அரைப்படங்களை மென்பொருள் பிரித்து 24 படத்தையும் மீட்டுத்தரும். பால் நாடாவிலிருந்து கலந்து மாற்றிய தட்டுகளுக்கு அந்த வழியில்லை. பதிவுப் பக்கத்தில் ஊதா நிறமுள்ள, வீட்டில் பதிந்த தட்டுகளின் சாயம் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும் என்பதால், அச்சிட்ட வெள்ளித் தட்டுகளுக்கு முன் அவற்றை நகலெடுப்பது முறை.